வெட்டுப்பட்ட தாமிரக் கோடு

பணி நாள் 61. காலை 07:10
நிலவு, தென்முனைப் பள்ளம். எழுதுபவர்: ஜெசிந்தா ரொட்ரிகோ, மின்னணுப் பொறியாளர்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மூச்சுக்காற்று இன்னும் இருபது நாளுக்கு வரும். ரேடியோ நேற்று மாலையிலிருந்து ஊமை.

நிலையத்தோடு வந்த ரேடியோ போன மாதமே எரிந்துவிட்டது. இது உதிரிகளை வைத்து நானே செய்தது. செம்பு ஒட்டிய தகட்டை அமிலத்தில் அரித்துக் கோடு கோடாக எடுத்த போர்டு. பள்ளத்திலிருந்து பூமி தெரியாது. நிலவைச் சுற்றும் எங்கள் கப்பல் தலைக்கு மேலே கடக்கும்போது மட்டும்தான் பேச்சு.

தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நேற்று இறங்குகலத்தில் கப்பலுக்குப் போனார். அங்கே காற்றுத் தொட்டியில் கசிவாம். அடைத்துவிட்டு வந்து என்னைக் கூட்டிப்போவார். நான் பேசாவிட்டால் பதறிப்போவார். இன்றைக்கே சரிசெய்தாக வேண்டும்.

நாள் 61. 13:40
மின்சாரம் வருகிறது. ஈயம் வைத்த இடங்களையெல்லாம் மறுபடி சூடாக்கினேன். பயனில்லை. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்தேன். கோடு அறாமல் இருந்தால் கூவும். ஆண்டெனாவுக்குப் போகும் கோட்டில் மட்டும் மீட்டர் கூவவில்லை. அறுந்த இடம் பெரிய கெபாசிட்டருக்கு அடியில். சூடும் குளிரும் தகட்டை மாறி மாறி இழுக்கும். விரிசலாக இருக்கும்.

நாள் 61. 15:25
கெபாசிட்டரைக் கழற்றினேன். விரிசல் இல்லை.

விரிசல் மயிரிழை போல் வளைந்து ஓடும். இது நேர்க்கோடு. கத்தியால் இரண்டு கீறல் போட்டு, நடுவிலிருந்த செம்பை உரித்து எடுத்திருக்கிறார்கள். மேலே வார்னிஷ் பூச்சு. கெபாசிட்டரைத் திரும்பப் பற்றவைத்த ஈயம் உருண்டையாக நிற்கிறது. என் கைவேலை அல்ல.

இங்கே இருந்தது இரண்டே பேர்.

போர்டு செய்தபோது அண்ணாச்சிதான் விளக்குப் பிடித்தார். எந்தக் கோடு எங்கே போகிறது என்று ஆசையாகக் கேட்டார். நானும் ஆசையாகக் காட்டினேன்.

நாள் 61. 17:50
வார்னிஷைச் சுரண்டி, இரு பக்கமும் ஈயம் தடவி, குறுக்கே ஒரு கம்பி இழையைப் பற்றவைத்தேன். சூடு கூடிப்போய்ச் செம்பு தகட்டை விட்டுப் பெயர்ந்துவிட்டது. இன்னும் தள்ளிச் சுரண்டி நீள இழையாக வைத்தேன். மீட்டர் கூவியது.

கப்பல் வந்தது. அவர் பூமியோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது அவர் பக்கம் மட்டும்.

"ஆமா சார், நேத்து சாயந்தரம். கதவு பிச்சுக்கிட்டுப் போயிட்டு. நான் ஓடிப் போறதுக்குள்ள... கடைசியா பேசுனா சார். 'எங்கம்மாவ அழ வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி'ன்னா. நான்தான் அவ கண்ண மூடுனேன்."

அழுதார். நிஜமாகவே அழுதார்.

விசையை அழுத்திப் பேசலாம் என்றே தோன்றவில்லை. என் சாவை உட்கார்ந்து கேட்டேன். கப்பல் மறைந்தது.

நாள் 61. 19:50
அடுத்த சுற்று. அழுத்தினேன்.

"அண்ணாச்சி, ஜெசி பேசுதேன். உயிரோட இருக்கேன்."

இரைச்சல். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை பதில் வந்தது.

"ஏன் தாயி அதச் சரி பண்ணுன?"

பிறகு அவரே தொடர்ந்தார். "கசிவ அடைக்க முடியாதுன்னு எனக்கு நெலவுல வச்சே தெரியும். கப்பல்ல ஒருத்தருக்குத்தான் காத்து. உனக்கு ஒண்ணும் தெரியாண்டாம்னுதான் அறுத்தேன். நான் வருவேன்னு நெனச்சுக்கிட்டே தூங்கிப் போயிருப்பியே."

"சரி, போங்க. பூமிக்கு மட்டும் சொல்லிருங்க. வேற கலம் அனுப்பட்டும். இருவது நாள் தாங்குவேன்."



"சொன்னா, உசுரோட இருந்தவள விட்டுட்டு வந்தவன்னு ஆயிரும் தாயி."

நாள் 62. 05:50
கப்பல் இந்தச் சுற்றோடு திரும்புகிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: கதவு பிய்யவில்லை. போர்டை எடுத்து அந்த வெட்டின் ஓரத்தைப் பாருங்கள். என் அம்மாவிடம், அந்தக் கடைசி வார்த்தை என்னுடையது இல்லை என்று சொல்லுங்கள். அவள் அழட்டும்.

"ஜெசி, எஞ்சினைப் போடப் போறேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஏசவாச்சும் செய் தாயி. பேசு."

விசையைத் தொடவில்லை. வாய்வரை வந்தது வசவுதான். அதையும் அவருக்குக் கொடுக்கவில்லை.

ரேடியோவை அணைத்திருக்க வேண்டும். முடியவில்லை. இன்னும் கூப்பிடுகிறார். குரல் கரகரத்துத் தேய்கிறது. காதை ஒட்டவைத்துக் கேட்கிறேன். இனி எனக்கு வேறு மனிதக் குரல்...