நடு ரோட்டில் உன் அம்மா

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே இருவரும் உயிரோடும் சோற்றுக்குக் குறைவில்லாமலும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குத்தான் எழுத்து வராதே, சொல்லச் சொல்ல எழுதுகிறவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் நீ பதறுவாய்.

நீ அனுப்பிய பச்சை வலையை முன்பக்கத் தகரப் பந்தலைச் சுற்றிக் கட்டினேன். உன் அம்மா தையல் மெஷினோடு நாள் முழுக்க உட்காருகிற இடமாயிற்றே, குழாய் புதைக்கத் தோண்டிய ரோட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், ஜல்லி லாரி ஒன்று போனால் எதிர்வீடு தெரிவதில்லை. தண்ணீர் தெளித்தேன், உடனே காய்ந்தது. ஈரச் சாக்குத் தொங்கவிட்டேன், சாக்கே மண்ணாயிற்று. வலையில் படிந்த தூசியைத் தினமும் சாயங்காலம் கம்பால் நன்றாக அடித்து உதிர்த்தேன். நான் நின்றது வெளியே, உன் அம்மா இருந்தது உள்ளே. அவ்வளவு தூசியும் அவள் தலையில்தான் கொட்டியது என்று அவள் இருமி இருமிக் கண் சிவந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் இருமலைப் போனில் கேட்டுவிட்டு நீ அவளை அங்கேயே கூட்டிப்போக டிக்கெட் போட்டுவிட்டாய். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சரி, சம்மதம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை தலைக்குச் சோப்புப் போட்டு நிற்கிறேன், வாசலில் பிரேக் கிறீச்சென்று கேட்டது. இடுப்புத் துண்டோடு ஓடி வந்தால், ஐயோ மகளே, உன் அம்மா தையல் ஸ்டூலை நடு ரோட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முட்டிக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நீ நான்கு வயதில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாயே, மஞ்சள் பூப்போட்ட கவுன், அன்றைக்குக் கத்தியதோடு சரி, அதற்கப்புறம் அவள் குரல் தெருவுக்குக் கேட்டதே இல்லை. ஓட்டுநர் இறங்கி, ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா என்று கத்தினார். இவள் அசையவில்லை. தைத்து முடித்த, தூசியில் பழுப்பேறிய வெள்ளைச் சட்டையை அவர் முகத்துக்கு நேரே விரித்து, சாக வரலப்பா, இதக் காட்ட வந்தேன், கலரப் பாரு, நீயே துவைச்சுக் குடுத்துட்டுப் போ என்றாள். சோப்பு கண்ணில் எரிகிறது, பின்னால் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கின்றன, அடுத்த வீட்டுக்காரி மாடியிலிருந்து, அண்ணே, துண்டப் பாத்து என்கிறாள். ஜல்லி லாரிகளை அனுப்பும் மேஸ்திரி வந்து கெஞ்சினார், அதட்டினார். தண்ணி லாரி வந்து ரோடு நனையட்டும், அப்புறம் எந்திரிக்கிறேன் என்று இருமிக்கொண்டே சொன்னாள். நனைந்த பிறகுதான் எழுந்தாள்.

இப்போது காலையும் மதியமும் தண்ணீர் லாரி வருகிறது, மற்ற வண்டிகளெல்லாம் தார்ப்பாய் மூடி ஊர்ந்து போகின்றன. வலையை நான் உள்ளே நின்று குழாய்த் தண்ணீரால் கழுவுகிறேன். இருமல் அடங்கி ராத்திரி தூங்குகிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே, உனக்கென்ன பைத்தியமா, அரைபட்டிருந்தால் என்ன ஆவது என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நான் மக ஊருக்குப் போயிட்டா நீங்க அந்த வலைய வெளியிலேருந்தே அடிச்சுக்கிட்டு கெடப்பீங்க என்றாள். எத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு இவளைத் தெரியவில்லையே என்று இன்னும் மலைத்துப்போய்த்தான் இருக்கிறேன்.

அதனால் கண்ணு, அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு, அம்மா மேல் கோபப்படாதே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீ வா. மாப்பிள்ளையை வண்டியில் மெதுவாகப் போகச் சொல், எந்த வீட்டு அம்மா எங்கே ஸ்டூல் போட்டிருப்பாளோ தெரியாது. எல்லோரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா, கைநாட்டு.

எழுதியது அந்த லாரி ஓட்டுநர்தான். பந்தலில் அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே எழுதுகிறார், தான் கத்தியதையும் ஒரு சொல் விடாமல் எழுதினார். சட்டையையும் துவைத்துவிட்டார். காலையிலிருந்து வாசல் கொடியில் தொங்குகிறது, இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.