கம்பி வலைக்குள் ஒரு பின்னல்

அக்கா,

இன்று ஹட்டன் கடைத்தெருவில் மிளகாய் அரைக்கப் போயிருந்தேன். மில்லுக்குள் நுழைந்ததுமே சூடான பெல்ட்டின் நாற்றம். நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நம் ஸ்டோரில் அடிக்கும் அதே நாற்றம். மில்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் தூளை அள்ளிக்கொள்ளச் சொன்னார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். "அதுதான் நின்னுருச்சேம்மா, இன்னும் என்னா பயம்?" என்று சிரித்தார். நின்ற மெஷினைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? உங்களைக் கேட்டால் அல்லவா சொல்வீர்கள்.

ஸ்டோரில் தேயிலை சலிக்கும் மெஷினுக்கு இருபுறமும் நீங்களும் நானும் நின்றோம். மலைத் தண்ணீர் குழாய் வழியே இறங்கித்தான் நம் சக்கரங்களையெல்லாம் சுழற்றியது. குழாயை அடைக்கும் தண்ணீர்க் கதவு சரியாக மூடவில்லை, பெருமழைக்கு ஒழுகுகிறது என்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடம் நீங்கள் பலமுறை சொன்னீர்கள். அவர் தலையை ஆட்டியதோடு சரி. பிறகு கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து, பெல்ட்டுச் சக்கரத்துக்குக் கம்பி வலை மூடி போட வைத்தார். மெஷினைப் பாதுகாப்பாக வைப்பது தோட்டத்தை ஆளும் தொரையின் கடமை. மூடியைக் கழற்றாமல், தலைத்துணி கட்டி வேலை செய்வது நம் கடமை. டீமேக்கர் நம்மை வரிசையில் நிறுத்தி அந்தச் சட்டத்தை வாசித்தார்.

"நம்ம கடமைய மட்டும் சத்தமா வாசிக்கிறாரு பாரு புள்ள" என்று காதோடு சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆயுத பூசை வந்தது. மெஷின் என்றால் நமக்குக் காளி. வலை போட்டு முகத்தை மறைத்த சாமிக்கு எப்படிப் பொட்டு வைப்பது? எல்லாருமாகச் சேர்ந்து மூடியைக் கழற்றினோம். பூசை நாளில் தலைத்துணி ஏது? குளித்து, பூ வைத்து, பின்னலைத் தொங்கவிட்டு வந்திருந்தோம். தண்ணீர்க் கதவை இறக்கியிருந்தார்கள். ஸ்டோர் அப்படி ஓய்ந்து கிடந்து நான் கண்டதில்லை. மேலே மலையில் மழை பிடித்துக்கொண்டது யாருக்கும் தெரியாது. குங்குமத்தோடு நீங்கள் குனிந்தீர்கள்.

சக்கரம் திரும்பியது. சத்தமில்லாமல், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல மெதுவாக. உங்கள் பின்னல் அச்சில் ஏறியது. நீங்கள் என்னையே பார்த்தீர்கள். சாக்கு அறுக்கும் கத்தியால் நான் பின்னலை அறுத்தேன். தலைத்தோல் ஒரு பக்கம் கிழிந்து போனது, உயிர் தப்பியது.

சாமி காவு கேட்டுவிட்டது என்று லயமெல்லாம் ஒரே பேச்சு. தொரைக்கு அது வசதியாகப் போயிற்று. பலி கொடுக்கச் சேவல் வாங்கித் தந்தார். விசாரணைக்குப் பரிசோதகர் வந்தபோது, தலையில் காயக் கட்டோடு நீங்கள் எழுந்து தொரையைப் பார்த்து நின்றீர்கள்.

"மூடியக் கழட்டுனது எங்க குத்தங்க தொரை. கதவு ஒழுகுதுன்னு சொல்லியும் சரிபண்ணாதது ஒங்க குத்தம். நடுவுல சாமிய இழுக்காதீங்க. அந்தக் கதவச் சரிபண்ணிப் பூட்டுப் போடுங்க. பூசை நாள்ல சாவி எங்ககிட்ட இருக்கணும்."

கதவு சரியானது, பூட்டும் வந்தது. மூடியை மறுபடி மாட்டி, இனி ஒருவரும் தொடக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. அதனால் அச்சில் சுற்றிய உங்கள் முடி வலைக்குள்ளேயே தங்கிவிட்டது. வேலை தொடங்கினால் அதுவும் சுற்றும். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். நீங்களோ, "என் முடி சம்பளமில்லாம வேல செய்யுது பாரு" என்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

போன மழையில் காய்ச்சல் உங்களைக் கொண்டு போய்விட்டது. நேற்று ஆயுத பூசைக்குத் தண்ணீர்க் கதவை நானே பூட்டினேன், இழுத்தும் பார்த்தேன். பொட்டை இப்போது வலைமேல்தான் வைக்கிறோம். எல்லாரும் கும்பிட்டுப் போன பிறகு நான் மட்டும் நின்றேன். வெளியே நல்ல வெயில். வலைக்குள் சக்கரம் மெல்லத் திரும்பியது. உங்கள் முடி ஒரு சுற்றுச் சுற்றி, என் பக்கம் வந்து நின்றது.

பயந்தேன்தான். ஆனால் ஓடவில்லை. சாவி இன்னும் என் இடுப்பில் இருக்கிறது, அக்கா. வேலை தொடங்க யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நீங்கள் இனிச் சுற்ற வேண்டாம்.