பக்கத்து நிலத்துக் கட்டடம்

என்னங்க,

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் பக்கத்து நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டியதை இடிக்க, நீங்கள் கொடுத்த புகாரின்படி இன்று அதிகாரி இயந்திரத்தோடு வந்துவிட்டார். மாட்டுக்கொட்டகை என்றுதானே நினைத்தோம்? கதவைத் திறந்தால், கைக்குழந்தையோடு உங்கள் அண்ணன் மகள் நிற்கிறாள். புருஷனின் அடிக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள்.

“எங்க வீட்லதான் அவன் முதல்ல தேடுவான், சித்தி,” என்றாள்.

நான் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

“புகார் கொடுத்தவரே வந்து வாபஸ் வாங்கட்டும். திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன்மா,” என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

வீம்பு பிடிக்காமல் வாருங்கள். என்னைத் திட்டுவதானால் மெதுவாகத் திட்டுங்கள். இயந்திரச் சத்தத்தில் மிரண்ட குழந்தை நம் கட்டிலில்தான் தூங்குகிறது.

உங்களைக் கேட்காமல் நின்ற,
உங்கள் மனைவி