அம்புக்குறிப் பாதை

தியாகத் திருவுருவமான என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எழுதுவது என்றால், நான் பேசப் பேச செல்போன் எழுதுகிறது. பிழை இருந்தால் அதைத் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தான் சமையலறையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் உப்பை வைத்துவிட்டார். என் கை பழக்கப்படி போய் எடுத்தது. காபி குடித்த விருந்தாளி பாவம், மரியாதைக்குச் சிரித்தார்.

நேற்றுக் கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். நீ போனையே எடுப்பதில்லையாம். ஒருவழியாக எடுத்த அன்றும், "எங்க அக்காவுக்குக் கிடைக்காதது எனக்கும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னிடம் யாரடா தியாகம் கேட்டார்கள்?

நம் இருவருக்கும் பழுது ஒரே மரபணுவில்தான். சரியான மரபணுவை, நோய் உண்டாக்காத வைரஸ் ஒன்றில் ஏற்றி, விழித்திரைக்கு அடியில் ஒரே ஒரு முறை செலுத்துவார்கள். அது எத்தனை வருடம் தாங்கும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. ஆனால் அது வேலை செய்ய அங்கே உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். என் கண்களில் மிச்சமில்லை. நீ அனுப்பிய ஸ்கேனில் இன்னும் இருக்கின்றன, ஆனால் குறைந்துகொண்டே வருகின்றன என்கிறார் டாக்டர். எனக்கு முடியாது என்று சொன்ன அன்று நான் அழுதேன், இல்லையென்று சொல்லமாட்டேன். உனக்கு முடியும் என்று கேட்டபோதுதான் அழுகை நின்றது.

அங்கே ஒரு நடைப் பரீட்சை உண்டு. தரையில் அம்புக்குறிகள் ஒட்டியிருப்பார்கள், வழியில் பஞ்சுக் கட்டைகள், ஒரு சின்னப் படி. விளக்கைக் குறைத்துக்கொண்டே போய் நடக்கச் சொல்வார்கள். முதல் தடவை தட்டுத் தடவிப் போன வழியை மனப்பாடம் செய்து, அடுத்த தடவை ராணி மாதிரி நடக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாதையை மாற்றிவிடுகிறார்கள்! ஒரு கட்டையில் மோதி, அதனிடமே மன்னிப்புக் கேட்டேன். பரீட்சை வைத்தவர், "சமாளிக்காம நடங்க மேடம், எங்க தெரியலைன்னு எங்களுக்குத் தெரியணும்" என்றார்.

அதனால்தான் உன்னை நினைத்துப் பயம். நீ என்னைவிடப் பெரிய நடிகன். இருட்டிவிட்டால் அலுவலகத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்து, அவர் பின்னாலேயே படி இறங்குகிறாய். மனைவியிடம் சாயங்காலம் வெளியே போகவே பிடிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறாய். இன்று அவள் எனக்குப் போன் செய்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளாகவே, "அண்ணி, அவருக்கு இருட்டுல தெரியலைன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். அவரே சொல்லட்டும்னுதான் இருக்கேன்" என்றாள். உன் நடிப்பு வீட்டிலேயே எடுபடவில்லை, போ.

அவர்களுக்குப் போன் செய். இந்த வாரம் தாண்டிவிட்டால் உன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவளையும் அழைத்துக்கொண்டு வா. மங்கிய வெளிச்சத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்து முடித்தால், சிகிச்சை தேவையில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

இத்தனை வருடமும் நீ எங்கேயும் விழக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாள் மட்டும், எல்லோரும் பார்க்க, தாராளமாகத் தடுக்கி விழு கண்ணா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அக்கா