ஹரியின் ஜிப்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எடுத்துவைக்க: நைட்டி நான்கு, பிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட், மதுவின் டியூஷன் மிஸ்ஸுக்கு போன்.

ஆபீஸ் லீவுக்குக் காரணம் 'கர்ப்பப்பைப் பிரச்சினை' என்று எழுதிக் கொடுத்தேன். கர்ப்பப்பை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஹரி பிறந்த அன்றே, அதே மேஜையிலேயே, இரண்டு பிள்ளை போதும் என்று கருக்குழாயை வெட்டிக் கட்டிவிட்டார்கள். இப்போது அதைச் சேர்க்க வேண்டும். ஹரி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டெங்கு. எட்டு வயது.

மாமியார் இன்றும் ஆரம்பித்தார். "அவனே வந்து பொறப்பான் பாரும்மா. அதே வயித்துலதான் வருவான்." மது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல். ஆனால் அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நானும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். வேறு பிள்ளை எனக்கு எதற்கு? அவன்தான் வேண்டும்.

நவ. 13, வியாழன்

அட்மிட். மயிலாப்பூர், நான்காவது மாடி. ஜன்னலில் பாதி கோபுரம், பாதி தண்ணீர் டேங்க்.

டாக்டரம்மா வயிற்றைப் பார்த்தார். "பழைய சிசேரியன் கோட்டுலயே போயிடலாம். ரொம்பக் கோணலா தச்சிருக்காங்க. அந்தத் தழும்பை எடுத்துட்டு நீட்டா போட்டுடறேன்."

"குழாய் சேருமா டாக்டர்?"

"எவ்வளவு வெட்டியிருக்காங்கன்னு உள்ள பார்த்தாத்தான் தெரியும்."

அந்தக் கோணல் கோட்டை ஹரி 'என் ஜிப்' என்பான். ஈரக் கையால் தடவிப் பார்ப்பான். "இதைத் திறந்துதானே வந்தேன்? அக்கா இப்படி வரலைல்ல?" மது சுகப்பிரசவம். அவன் அலட்டலில் அவளுக்கு அழுகையே வந்துவிடும்.

அதை எடுக்காதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தழும்புக்குப் போய் யாராவது கெஞ்சுவார்களா? ரவியிடம் சொன்னேன். "நல்லதுக்குத்தானே சொல்றாங்க, கல்யாணி," என்றார். அப்புறம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனிடம் அதற்கு மேல் என்ன சொல்வது.

நவ. 15, சனி

படுத்தபடி எழுதுகிறேன். நேற்று ஊசி போடும்போதாவது சொல்லிவிட நினைத்தேன். "முதுகை வளைங்க, அசையாதீங்க" என்றார்கள். வளைத்தேன். அசையவில்லை. சொல்லவுமில்லை.

சேரவில்லை.

குழாயின் நுனியையே அப்போது எடுத்துவிட்டார்களாம். இரண்டு பக்கமும். டாக்டரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சேர்க்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லம்மா. திறந்து பார்த்துட்டு மூடிட்டோம். வேற வழி இருக்கு, அப்புறமா பேசலாம்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ரவி.

"பழைய தழும்பு?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சு. கொஞ்ச நாள்ல கோடே தெரியாது." அதில் மட்டும் டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

ஆயாம்மா படுக்கை மாற்ற வந்தபோது, வெட்டிய தோலை எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். "இன்னாத்துக்கும்மா அது? நேத்தே வண்டி வந்து அள்ளிக்கினு போயிடுச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுவாதம்மா, தையல் பிச்சுக்கும்" என்றார்.

நவ. 18, செவ்வாய்

வீடு. நல்ல வெயில். இருமினால் உயிர் போகிறது. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, யாரும் சொல்லவில்லை.

மாமியார் 'அவனே வருவான்' பேச்சை விட்டுவிட்டார். சொன்னாலும் எரிந்தது, சொல்லாததும் எரிகிறது. மதுவிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாலை பிளாஸ்திரி மாற்ற அவள்தான் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். குனிந்து பார்த்தாள். நேர்க்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.

"ஜிப் எங்கம்மா?"

எடுத்துவிட்டார்கள் என்றேன்.

பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ அவன் எப்படிம்மா வருவான்?"