ஓர் ஊருக்கு ஒரே லாரி

நம் குடும்பத்தின் ஒரே கறுப்புக் கோட்டுக்கு,

கழிவுநீர்த் தொட்டிகளின் முடிசூடிய வேந்தனும், தற்போது நகராட்சித் தீர்மானத்தால் முடி பறிக்கப்பட்டவனுமான உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம்தான். உன் பேரைச் சொன்னால் மட்டும் பாத்திரங்கள் பறக்கின்றன. நேற்று ஒரு மூடி என் காதோரமாகப் போனது. என் அக்காவுக்குக் கோபம் ஆறி வருகிறது என்று நினைக்கிறேன். போன வாரம் குக்கரே வந்தது.

நம் செப்டிக் டேங்க் லாரி வாசலில் நிற்கிறது. ஊரே பட்டத்து யானை என்று கூப்பிட்ட வண்டி! அது தும்பிக்கையை நீட்டினால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு மரியாதை செய்யுமே, இப்போது அதன் அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. வண்டியின் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதற்கு இதைவிட ஓர் அவமானம் உண்டா?

இந்த ஊரில் இனி எந்த வீட்டுத் தொட்டியின் மூடியையும் ஒரே ஒரு கம்பெனிதான் திறக்கலாம் என்று நகராட்சி தீர்மானம் போட்டதும், சுத்திகரிப்பு நிலையத்தின் கேட்டை மற்ற லாரிகளுக்கு மூடியதும் உனக்குத் தெரியும். கம்பெனி யாருடையது? நகராட்சித் தலைவரின் சகலை. நியாயம் கேட்கத் தலைவரிடமே போனேன். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "பெரியவரே, ஏகபோகம், போட்டின்னு சட்டம் பேசறதெல்லாம் வியாபாரிங்ககிட்ட. நாங்க அரசாங்கம். எங்களை எந்தச் சட்டமும் தொடாது" என்றார். நான் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, செண்ட் அடித்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அறையில் அடித்த நாற்றம் என்னுடையது அல்ல.

அதற்கப்புறம் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கும் தையல்காரம்மாவின் தொட்டி நிரம்பி வழிந்தது. கம்பெனியின் லாரி கப்பல் அளவு, சந்துக்குள் நுழையாது. நம் யானை அந்தச் சந்தில் கண்ணை மூடிக்கொண்டு போகும். அவர்கள் என்ன செய்தார்கள்? கப்பலை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, அவள் தையல் மிஷின் போட்டிருக்கும் முன்னறை வழியாகவே குழாயை இழுத்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். சுவரெங்கும் சீருடைகள். குழாயின் இணைப்பு அந்த அறையில்தான் கழன்றது.

இதற்கு மேல் விவரிக்கமாட்டேன், நீ சாப்பிடும் நேரமாக இருக்கலாம்.

அவள் நகராட்சிக்குப் போன் செய்தால், "கம்பெனிகிட்ட சொல்லும்மா" என்கிறார்களாம். கம்பெனியைக் கூப்பிட்டால், "நகராட்சிகிட்ட சொல்லுங்க" என்கிறார்களாம். வேறு லாரியைக் கூப்பிட்டால் அவளுக்கே அபராதம். விஷயம் கேட்டு நான் ஓடியபோது அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவன் யார் தெரியுமா? மொட்டை! ஒரு காலத்தில் எனக்குப் போட்டியாக லாரி ஓட்டி, தெருவுக்குத் தெரு என்னோடு சண்டை போட்ட அதே மொட்டை. வண்டியை விற்றுவிட்டு அங்கே கூலிக்குச் சேர்ந்திருக்கிறான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் தையல்காரம்மாவும் சுவரைக் கழுவினோம். உலகத்தில் பாதித் தொட்டிகளைத் திறந்து பார்த்தவன் நான். ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. அன்று பொத்தினேன்.

நாங்கள் லாரி ஓட்டிய காலத்தில் புனிதர்களாக இருந்தோம் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்திருக்கிறோம். ஆனால் அவளுக்கு, ஒருவனைத் திட்டித் துரத்திவிட்டு இன்னொருவனைக் கூப்பிடும் சுகம் இருந்தது. நகராட்சி பூட்டியது அந்தச் சுகத்தைத்தான்.

நான் வழக்குப் போடலாமா என்று கேட்டபோது நீதானே போனில் பாடம் எடுத்தாய்? மேலே இருக்கும் அரசே சட்டம் போட்டுப் போட்டியை நிறுத்தினால் யாரும் கேட்க முடியாது. நகராட்சி அந்த அரசின் பிள்ளையே தவிர அரசு அல்ல. அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தால்தான் பிள்ளைக்கும் அந்தப் பாதுகாப்பு. இதெல்லாம் உன் வாயால் கேட்டது. அப்பா சொன்னது "ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்" என்பது மட்டும். அதற்குள் "சகலையைத் தவிர எல்லோரையும் விரட்டு" என்பது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணாடி போட்டும் தேடினேன். ஜெயித்தாலும் நஷ்டஈடு கிடைக்காது, தடை மட்டும் நீங்கும் என்றாய். எனக்கு அது போதும் என்று வழக்கைப் போட்டேன்.

பிறகு நகராட்சி தன் பக்கம் வாதாட ஆள் தேடி உங்கள் ஆபீசுக்கே வந்தது. பெரிய வக்கீல் வழக்கை உன் மேஜையில் போட்ட அன்று அழுதாய். எதிர்த்தரப்பு என் மாமா என்று அவரிடம் சொன்னாயாம். "நல்லதாப் போச்சும்மா, அவர் என்ன பேசுவார்னு உனக்குத்தான் தெரியுமே" என்றாராம். சீ! எங்கள் தொழிலில் இப்படிப் பேசுகிறவனை யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டோம். இருந்தும் எடுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் வேலையில்லாமல் நிற்க வாசலில் இடமில்லை.

முதல் விசாரணையன்று கடைசி பெஞ்சில் இருந்தேன். நீ எழுந்ததும் தாங்கவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் "எங்க அக்கா பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். "யாருக்காகப் பேசுது?" என்று கேட்டார். "எனக்கு எதிராத்தான்" என்றேன். மனிதர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். என்ன கணீரென்ற குரல் உனக்கு! நீதிபதி கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

அரசு, பிள்ளை, அனுமதி என்று நீ அடுக்கியதெல்லாம் சட்டம். அதை நீதிபதி எடை போடட்டும். கடைசியில், இந்த ஏற்பாட்டால் மக்கள் பயனடைந்திருக்கிறார்கள் என்றாய். அப்போது நீ காகிதத்திலிருந்து தலை நிமிரவில்லை.

அடுத்த விசாரணைக்குத் தையல்காரம்மாவும் வருகிறாள். நீ நன்றாக வாதாடு. எனக்காகத் தோற்றாயோ, பிறகு என் முகத்தில் விழிக்காதே. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடு, கண்ணு. பெரிய வக்கீல் எழுதிக் கொடுத்தாலும் தாண்டிப் போய்விடு. நம் லாரி துருப்பிடித்து மண்ணாகட்டும், பரவாயில்லை. அவளுக்கு எதிரே நின்று அதைச் சொல்லத் துணிகிறவளாக மட்டும் நீ ஆகிவிடாதே.

நீடூழி வாழ்ந்து, நிறைய வழக்குகள் ஜெயிக்க வாழ்த்தும்,
உன் எதிர்த்தரப்பு மாமா