உயிரோடு இருப்பவர்களையும் அச்சடித்த விதி

மச்சான்,

அச்சு இயந்திரம் சூடேறியதும் கருகின மை வாசம் கடை முழுக்கப் பரவுகிறது. வெளியே கொட்டகலையையே பனிமூட்டம் விழுங்கிவிட்டது; ஸ்டேஷனில் நிற்கிற ரயிலைத் தடவிப் பார்த்துத்தான் ஏற வேண்டும். உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் அறிவுக்கு அது கொஞ்சம் சின்னது.

மரித்தோர் திருநாளுக்குக் கோயிலில் வாசிக்கிற பெயர்ப் பட்டியலை நாளைக்குக் கொடுக்க வேண்டும். நீ போன பிறகு வருகிற முதல் திருநாள். உன் பெயர் அதில் வர வேண்டும். காலையிலிருந்து அச்சடித்தேன், வரவே இல்லை.

நாம் முதல் தடவை இந்த வேலையை எடுத்தது நினைவிருக்கிறதா? கோயில் குடும்பங்களின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் பெயர்ச்சீட்டு ஒட்டினாற்போல் கிடந்தது. அதிலிருந்து இறந்தவர்களை மட்டும் பொறுக்கி அச்சுப் பக்கமாக மாற்ற நீ ஒரு விதி எழுதினாய். ‘இறந்தவரா’ என்று ஒரு மாறி, அதாவது கோப்பிலுள்ள பதிலைப் போட்டு வைக்கிற டப்பா; அதைப் பார்த்து முடிவெடுக்க ஒரு நிபந்தனை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டதால், நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தேன்.

திருநாளன்று கோயிலில் ஃபாதர் அந்தப் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். நம் தோட்டத்துச் சனத்துக்குக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்துப் பழக்கம். பின்வரிசையிலிருந்து ஒருவர், “இருக்கேங்க!” என்றார். அடுத்த பெயருக்கும், “இருக்கேங்க!” மேல் டிவிஷன் செபமாலை அக்கா எழுந்தே விட்டார். “ஃபாதர், நேத்துக்கூட கொழுந்து நிறுத்துட்டுத்தான் வந்தேன். என்னைய எப்ப அடக்கம் பண்ணுனீங்க?” அந்தச் சிரிப்பில் கோயில் கூரை பறந்து நோட்டன் பிரிட்ஜில் போய் விழுந்தது. நீ இருந்தால், “கொஞ்சம் கொறைச்சு சொல்லு மச்சான்” என்பாய்.

கடைக்கு வந்ததும், “மெஷினுக்குக் குளிர் புடிச்சிருச்சு” என்றேன்.

“வாய மூடிட்டுப் பாரு” என்றாய். நிபந்தனைக்கு மேலே ஒரு வரி சேர்த்து, மாறிக்குள் இருப்பதையே அடைப்புக்குறிக்குள் அச்சடிக்க வைத்தாய். உயிரோடு இருந்தவர்களுக்கெல்லாம் [இல்லை] என்று வந்தது.

“பாத்தியா? உள்ள ஏதாவது எழுத்து இருக்கான்னுதான் நான் கேட்டிருக்கேன். ‘இல்லை’யும் எழுத்துதானே? அது எல்லாத்துக்கும் ஆமான்னு தலையாட்டிருச்சு.”

பிறகு, உள்ளே இருப்பது ‘ஆம்’ தானா என்று கேட்கும்படி நிபந்தனையை மாற்றினாய். செபமாலை அக்கா உயிர் பிழைத்தார். அவரைக் காப்பாற்றியது நான்தான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இன்றைக்கும் விதியில்தான் கோளாறு என்று அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். கொழும்பு இன்ஜினியர்கள் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நீ சேர்த்த அதே வரியைச் சேர்த்தேன். உன் பெயருக்கு நேரே [ ] என்று வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

இந்த வருடம் விவரங்களை நிரப்பியது உன் மனைவி. தேநீரோடு உள்ளே வந்தவளிடம், “எல்லாம் நிரப்பிட்டேன்னு சொன்னியேம்மா?” என்றேன்.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். “மத்தவங்களுக்கெல்லாம் நிரப்பிட்டேண்ணே. இவருகிட்ட வந்ததும் கை ஓடல. சும்மா விட்டா பேர் வராதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்.”

காலையிலிருந்து விதியைத் திட்டியது என் மடத்தனம், மச்சான். இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

எழுந்து இடம் கொடுத்தேன். வெகுநேரம் விரலை விசைப்பலகை மேல் வைத்தபடி இருந்தாள். பிறகு ‘ஆம்’ என்று அடித்தாள். தாள் சூடாக வெளியே வந்தது. உன் பெயரை விரலால் தொட்டு, “கோயில்ல சத்தமா வாசிக்கட்டும்ணே, எல்லாரும் கேக்கட்டும்” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “லிந்துலைக் கோயில்லயும் கேட்டிருக்காங்க. அவங்க லிஸ்ட்டையும் நாமளே எடுப்போமா?”

“நுவரெலியா மாவட்டம் பூராவும் எடுப்போம்” என்றேன். சிரித்துவிட்டாள். நீ போன பிறகு இன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

இனி ஏதாவது பிசகினால் விதியைத் திட்டுவதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது, யார் எதை எழுத முடியாமல் விட்டார்கள் என்று பார்ப்பேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் சொந்த மூளை.